சத்தம் வராத கேமரா

சம்பந்தத்தின் கேமராவை இனிமேல் பறவைக் கூடு இருக்கிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று ரோஸி டீச்சர் சொன்னபோது அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆரணியிலிருந்து சனிக்கிழமை காலைகளில் பறவை பார்க்கப் போகிறவர்கள் மொத்தமே ஏழு பேர். அதில் பெரிய லென்ஸ் உள்ளவர் அவர் ஒருவர்தான். எட்டு விசைத்தறி ஓட்டுகிற மனிதர். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார்கள் என்று ஐம்பது வயதில் நடக்கப் போய், நடை பறவையில் கொண்டுவிட்டு, பறவை கேமராவில் கொண்டுவிட்டிருந்தது. மற்றவர்கள் தொலைநோக்கியில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள். படம் என்றால் சம்பந்தம்தான்.

டீச்சர் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"உங்க கேமரா ஒவ்வொரு வாட்டியும் கடகடன்னு அடிக்குது சார். அந்த மீன்கொத்தி ரெண்டு வாட்டி பொந்து வரைக்கும் வந்துட்டு உள்ள போகாம திரும்பிடுச்சி. நீங்க கவனிக்கலையா?"

கவனித்தேன், அதனால்தான் வேறு கேமரா வாங்கப் போகிறேன் என்றார் சம்பந்தம். அது பொய். தன் கேமரா சத்தம் போடும் என்பதே அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரியும்.

அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முக்கால்வாசி போய்விட்டது என்றே சொல்லலாம். முப்பது வருடம் தறிக் கொட்டகைக்குள் இருந்தவர். தறி ஓடும்போது அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையை ஆட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் அவர் காது எப்போது போனது என்று கொட்டகையில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியிலும் அதே வித்தையை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார். முகம் பார்த்துப் பேசினால் புரிந்துவிடும். புரியாத இடத்தில் தலையை ஆட்டி ஒரு சிரிப்பு. போன் வந்தால் எடுக்கமாட்டார். வேலையாக இருக்கிறேன், எழுதி அனுப்புங்கள் என்பார். பறவை பார்க்கிற இடத்தில் டீச்சர் சட்டென்று நின்று விரலை உயர்த்தினால் மற்ற ஐந்து பேரும் காது கொடுப்பார்கள். இவர் டீச்சரின் கண் போகிற திசையில் கேமராவைத் தூக்குவார். பெரும்பாலும் பறவை அங்கே இருக்கும்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய கொட்டகையில் முன்பு வேலை செய்த, காது கேட்காத ஒரு பெரியவரை எல்லோரும் டமாரம் என்றே கூப்பிட்டார்கள். அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்துச் சிரித்தவர்களில் சம்பந்தமும் ஒருவர்.

நவம்பர் கடைசியில் வேலூருக்குப் போனார். கடையில் கேமராப் பிரிவைக் கவனித்துக்கொண்டவர் ஒரு பெண், பொறுமையானவர். பறவைக்கு, அதுவும் ரொம்பக் கிட்டத்தில், சத்தம் வரவே கூடாது என்று சம்பந்தம் சொன்னார். உள்ளே கண்ணாடி எழும்பி விழாத புது ரகங்களில் மூன்றை எடுத்து அந்தப் பெண் மேசைமேல் வைத்தார். முதல் கேமராவை அழுத்திவிட்டு இவர் முகத்தைப் பார்த்தார். இவர் தலையாட்டினார். இரண்டாவதை அழுத்தினார். இவர் யோசிக்கிறவர் போல உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதை அழுத்தியதும் அந்தப் பெண் புருவத்தை உயர்த்தி, எப்படி என்பது மாதிரி சிரித்தார். அப்படியானால் இதுதான் என்று சம்பந்தம் முடிவு செய்தார். அவருக்கு மூன்றும் ஒன்றுதான். பழைய கேமராவும் அந்த மேசையில் இருந்திருந்தால் அதுவும் அவற்றோடு சேர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் குனிந்து, கேமராவின் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டி நிறையச் சொன்னார். குனிந்த முகத்தில் உதடு தெரியவில்லை. விரல் மட்டும் தெரிந்தது. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கச் சம்பந்தத்துக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அந்தப் பெண் மேசைமேல் இருந்ததை எடுத்து வைத்துவிட்டு, உள்ளேயிருந்து அதே ரகத்தில் பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலமே டீச்சருக்கு எழுதினார். புதுக் கேமரா வந்துவிட்டது, சத்தமே கிடையாது. நிஜமாகவா என்று டீச்சர் கேட்டு எழுதினார். கடையில் நானே மூன்றை வைத்துக் கேட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று சம்பந்தம் பதில் போட்டார். அனுப்பிய பிறகு அந்த வரியை ஒருமுறை படித்தார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் விற்கிறவள் பொய்யா சொல்லப் போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

டிசம்பரில் படவேட்டுக்குப் பக்கத்தில் அய்யாக்கண்ணு என்பவருடைய கழனியில் மயில் உள்ளான் கூடு கட்டியிருந்தது. நடவுக்காகத் தண்ணீர் கட்டிப் போட்டிருந்த ஒரு துண்டு நிலம். அதன் மூலையில் கோரைப்புல்லுக்குள் நாலு முட்டை. இந்தப் பறவையில் நிறமும் அழகும் பெண்ணுக்குத்தான். முட்டை போட்டதும் அது வேறு துணை தேடிப் போய்விடும். மண் நிறத்து ஆண் தனியாக உட்கார்ந்து அடைகாக்கும். குஞ்சு வெளியே வருகிற வரைக்கும் அந்தத் துண்டை மட்டும் உழ வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டதற்கு அய்யாக்கண்ணு ஒப்புக்கொண்டிருந்தார். சுற்றிலும் மற்ற துண்டுகளை உழுது நட ஆரம்பித்துவிட்டு, அதை மட்டும் விட்டு வைத்திருந்தார். தன் நாயைக்கூடப் பகலில் கட்டிப்போட்டார்.

டீச்சர் ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைத் துணிக் கூடாரம் ஒன்றைக் கூட்டுக்குப் பதினைந்தடி வரை நகர்த்திக்கொண்டு வந்திருந்தார். பறவை அதற்குப் பழகிவிட்டது. கூட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில் படம் எடுப்பதே தப்புதான் என்றும், அப்பா பறவை அடைகாக்கிற ஒரு படம் பிள்ளைகளுக்குக் காட்டக் கிடைத்தால் போதும் என்றும், அதனால்தான் சம்மதிக்கிறேன் என்றும் அவர் சொன்னார். மூன்று நாள். காலையில் ஒரு மணி நேரம். அதற்குமேல் வேண்டாம். அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் டீச்சரால் கூட இருக்க முடியவில்லை.

முதல் நாள் விடிவதற்கு முன் சம்பந்தம் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். வெளிச்சம் வந்ததும் பறவை தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் அவர் எந்தப் பறவையையும் பார்த்ததில்லை. கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளை வளையம், முதுகில் ஓடிய மஞ்சள் கோடு, நீள மூக்கில் ஒட்டியிருந்த சேறு எல்லாம் கைநீட்டினால் தொடலாம் போல இருந்தன. அழுத்தினார். பறவை விறைத்துப்போனது. மறுபடி அழுத்தியபோது எழுந்து இரண்டு அடி நடந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தது. கால் மரத்துப்போனால் எழுந்து நடக்கும்போல என்று சம்பந்தம் நினைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் இரண்டு மணியாயிற்று.

இரண்டாம் நாள்தான் அந்தப் படம் கிடைத்தது. விட்டுவிட்டு இருபது முப்பது படமாக அடித்துக்கொண்டிருந்தபோது பறவை முட்டைமேலிருந்து எழுந்தது. கூடாரத்தைப் பார்த்துத் திரும்பியது. இரண்டு இறக்கைகளையும் விசிறி மாதிரி முன்பக்கமாக விரித்தது. மண் நிறம் என்று நினைத்திருந்த இறக்கையில் பொன் நிறத்தில் வட்டம் வட்டமாகப் புள்ளிகள். வாலும் விரிந்தது. இறக்கை மடங்குகிற வரைக்கும் சம்பந்தம் விரலை எடுக்கவில்லை. பறவை மறுபடி விரித்தது. அவரும் மறுபடி அழுத்தினார். அன்றைக்கு மட்டும் அறுநூறு படம். தனக்காகவே அது ஆடிக் காட்டியது போல இருந்தது என்று சாயங்காலம் குழுவுக்குப் படத்தை அனுப்பும்போது எழுதினார். எல்லோரும் புகழ்ந்தார்கள். டீச்சரிடமிருந்து மட்டும் பதில் இல்லை. தேர்வுத்தாள் திருத்துகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் முதல் படத்துக்கே பறவை ஓடிவிட்டது. பறக்கக்கூட இல்லை, தலையைத் தாழ்த்திக்கொண்டு கோரைக்குள் ஓடியது. வரும் என்று சம்பந்தம் காத்திருந்தார். பத்து நிமிஷம், கால் மணி, அரை மணி. வெயில் முட்டைமேல் விழுந்தது. வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் திரும்பி வந்து உட்காருகிற படம் இன்னும் அவரிடம் இல்லை. அந்த நேரத்தில்தான் காகம் வந்து இறங்கியது. கூடாரத்தின் ஜிப்பைத் தேடிப் பிடித்து இழுத்து, கத்திக்கொண்டு வெளியே விழுந்தார். அதற்குள் ஒரு முட்டை காகத்தின் வாயில் போய்விட்டது. இரண்டு உடைந்து கிடந்தன. மீதி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஓட்டில் விரிசல் விட்டிருந்தது.

காகம் தூக்கிவிட்டது என்று அய்யாக்கண்ணுவிடம் சொன்னார். அது பொய்யில்லை. அய்யாக்கண்ணு வந்து கூட்டைப் பார்த்துவிட்டு, ஒரு மண்கட்டியை எடுத்து, காகம் உட்கார்ந்திருந்த தென்னைமரத்தை நோக்கி வீசினார்.

டீச்சர் மறுநாள் சாயங்காலம் சம்பந்தத்தின் வீட்டுக்கு வந்தார். படங்களை எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். முதல் நாள் படம் எல்லாவற்றிலும் பறவை கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. இறக்கை விரித்த படம் வந்ததும் நிறுத்தினார். இது ஆட்டம் இல்லை சார், ரொம்பப் பயந்துபோய், ஓடவும் மனசில்லாமல், எதிரியை மிரட்டுவதற்குக் கடைசியாகச் செய்கிற காரியம் இது என்றார். பிறகு கேமராவைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஒருமுறை அழுத்தினார்.

சம்பந்தத்துக்கு எதுவும் கேட்கவில்லை. டீச்சரின் முகம் மாறியதுதான் தெரிந்தது.

"சத்தம் வருதே சார்," என்றார் டீச்சர். "இதுல சத்தம் வராம இருக்கணும்னா நாமதான் செட்டிங்ல போய் மாத்தி வைக்கணும். கடையில சொல்லலையா?"

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சம்பந்தம் சொல்லவில்லை. இப்போதுதான் எங்கோ கை பட்டு மாறியிருக்கும், கழனியில் இருந்தபோது சத்தம் வரவில்லை, வந்திருந்தால் எனக்குத் தெரியாமலா இருக்கும் என்றார். டீச்சர் கேமராவை மெதுவாக மேசைமேல் வைத்தார். சம்பந்தத்தின் மனைவி லீலா கொண்டுவந்த காப்பியை வேண்டாம் என்று சொல்லாமல் பாதி குடித்துவிட்டு எழுந்துபோனார்.

அதற்கப்புறம் ஒரு பத்து நாள் சம்பந்தம் சரியாகச் சாப்பிடவில்லை. லீலா, இறக்கை விரித்த அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டியிருந்தார். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்றார்கள். பட்டுக்கடைக்காரர் ஒருவர் இந்தப் புள்ளியை அப்படியே முந்தியில் கொண்டுவரலாமே என்றார். சம்பந்தம் தலையை ஆட்டினார். சாப்பிட உட்கார்ந்தால் அது நேர் எதிரில் இருந்தது. முன்பு அழகாகத் தெரிந்த கண் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. தட்டோடு எழுந்து கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நாள், கேமராவை எடுத்துக்கொண்டு லீலாவிடம் போனார். லீலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேமராவை நீட்டி, இந்த இடத்தில் அழுத்து என்று காட்டினார். லீலா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அழுத்தினார்.

"சத்தம் வருதா?"

"வருதுங்க."

"எவ்வளவு?"

லீலா யோசித்துவிட்டு, கீரைக்காம்பு ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேராக ஒடித்துக் காட்டினார். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக என்றார். காம்பு ஒடிந்த சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். லீலா அவர் கையைத் தொட்டு நிமிரவைத்தார்.

"உங்களாண்ட முதுக காட்டிப் பேசறத நான் விட்டு ஆறு வருசம் ஆவுது," என்றார். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

ஆறு வருடம். தான் ஊரையே ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆறு வருடமும், வீட்டில் ஒருத்தி அடுப்பை விட்டு எழுந்து வந்து, எதிரே நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறாள். இத்தனை நாளும் அதை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்க்கிற கண் என்று பெயர் வாங்கியவர். கூடத்துக்குப் போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்தார். ஏன் என்று லீலா கேட்டபோது கூடாரம், காகம், டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். லீலா மீதிக் கீரையை ஆய்ந்து முடித்தார். மறுநாள் இருவருமாக வேலூருக்குப் போய்க் காதைச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். கருவி வர இரண்டு வாரமாகும் என்றார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பிள்ளைகள் போன பிறகு, சம்பந்தம் டீச்சரைப் போய்ப் பார்த்தார். வகுப்பில் யாரும் இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. காது கேட்காது என்பதில் ஆரம்பித்து, கடையில் நடந்தது, கேட்டுப் பார்த்தேன் என்று எழுதியது, வீட்டில் வைத்து மறுபடி சொன்ன பொய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாரத்தில் இருந்ததையும் சொன்னார். அதை டீச்சர் கேட்டிருக்கவே இல்லை.

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்து ஏதோ ஆரம்பித்தார். பிறகு நினைவு வந்தவர் போல முகத்தை இவர் பக்கம் திருப்பினார். அந்தத் திருப்பலைப் பார்க்கச் சம்பந்தத்துக்குக் கூசியது.

"காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அழுத்திப் பாத்திருப்பேன் சார். ரெண்டு செகண்டு வேல." டீச்சர் தொடர்ந்தார். "உங்கள அங்க விட்டுட்டுப் போனது நான். அது என் மேலதான். அத நான் பாத்துக்கறேன். நீங்க அய்யாக்கண்ணாண்ட போய்ச் சொல்லுங்க. அவரு இன்னும் காக்காவத்தான் அடிச்சிக்கினு இருக்காரு."

பரவாயில்லை என்று டீச்சர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று தான் எதிர்பார்த்து வந்திருந்தது வாசலைத் தாண்டும்போதுதான் சம்பந்தத்துக்குத் தெரிந்தது.

அன்று இரவே குழுவுக்கு எழுதினார். அந்தப் படத்தில் இருப்பது ஆட்டம் அல்ல, என் கேமராவின் சத்தத்துக்குப் பயந்து பறவை செய்தது, அந்தக் கூடு என்னால்தான் போயிற்று என்று நாலு வரி. ஒருவர் மட்டும் கை கூப்பிய படம் போட்டார்.

மறுநாள் காலை படவேட்டுக்குப் போனார். அந்தத் துண்டை உழுது தண்ணீர் கட்டியிருந்தார்கள். எட்டுப் பத்துப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். கோரை இருந்த மூலை எது என்றே தெரியவில்லை. அய்யாக்கண்ணு வரப்பில் நின்று நாற்றுக்கட்டுகளை எட்டி வீசிக்கொண்டிருந்தார். சம்பந்தம் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து அவர் பக்கத்தில் போய் நின்று, சொல்ல வந்ததைச் சொன்னார். முட்டையைத் தின்றது காகம்தான், ஆனால் பறவையை விரட்டியது நான் என்றார். அய்யாக்கண்ணு கையிலிருந்த கட்டை வீசிவிட்டு அடுத்ததை எடுத்தார். நிலத்தைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். தோள் அசைந்தது, உதடு தெரியவில்லை. சொல்லி முடித்துவிட்டு அடுத்த கட்டுக்குக் குனிந்தார்.

வழக்கமான தலையாட்டல் சம்பந்தத்தின் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. சிரிப்பும் வந்துவிட்டது. அதை அப்படியே நிறுத்தினார்.

"நீங்க சொன்னது கேக்கலீங்க," என்றார். "எனக்குக் காது கேக்காது. என்னப் பாத்து, சத்தமா சொல்லுங்க."

அய்யாக்கண்ணு நிமிர்ந்தார். இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார். கழனி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் குனிந்த இடத்திலிருந்து ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மொத ரெண்டு நாளும் அந்தப் பறவ உங்களப் பாத்து உஸ்ஸு உஸ்ஸுன்னு சீறிக்கினே இருந்திச்சி. இங்க புல்லு அறுத்துக்கினு இருந்த எனக்கே கேட்டுச்சி. படிச்சவங்க, தெரிஞ்சிதான் செய்வீங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன். அதான் சொன்னேன்."

சம்பந்தத்துக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சேற்றில் நின்ற பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ கேட்டாள். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். வேறு பக்கம் திரும்பவில்லை.

"ஆமாங்க," என்றார். "எனக்குக் கேக்கல."

நாற்று தீர்ந்துபோன பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட, அய்யாக்கண்ணு வரப்பில் இருந்த கட்டுகளில் நாலைந்தைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.